தோசை மாஸ்டர் மேல் பழி போட்ட சார்ட்: டேட்டாவும் மனச்சாய்வும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை பெருங்குடியில் ஓர் அலுவலகத்தில் பதினோரு வருடமாக டேட்டா பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மடிப்பாக்கம் வீட்டு மொட்டை மாடியில் ஏழெட்டுப் பேருக்கு எக்செல்லும் கொஞ்சம் புள்ளியியலும் சொல்லித் தருகிறேன். வருகிறவர்கள் மாறுகிறார்கள், சந்தேகங்கள் மாறுவதில்லை. ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பத் தட்டி விரல் ஓய்ந்துவிட்டது, அதனால் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"சார், பயஸ்னா என்ன? வேணும்னே தப்பா கணக்குக் காட்டறதா?"

இல்லை. வேண்டுமென்றே காட்டினால் அது மோசடி, அதற்கு ஆடிட்டர் இருக்கிறார். நாம் பேசுவது நேர்மையான ஆள் நேர்மையாகக் கணக்குப் போட்டும் தப்பான முடிவுக்கு வருவதைப் பற்றி. மனசு குறுக்கு வழியில் போய்ப் பழகியது. ரோடு தாண்டும்போது அது நல்லதுதான். ஆரன் சத்தம் கேட்டதும் பஸ்ஸா லாரியா என்று ஆராயாமல் பின்வாங்கிவிடுகிறோம். அதே அவசரத்தோடு ஒரு டேபிளைப் பார்த்தால் தவறு வருகிறது, அதுவும் ஒரே பக்கமாக வருகிறது.

அந்த 'ஒரே பக்கம்'தான் முக்கியம். காய்கறிக் கடைத் தராசு ஒரு நாள் கூடவும் ஒரு நாள் குறைவாகவும் காட்டினால் மாதக் கடைசியில் ஏறக்குறையச் சரியாகிவிடும். தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருந்தால் எத்தனை நாள் நிறுத்தாலும் சரியாகாது. பயஸ், அதாவது மனச்சாய்வு என்பது அந்தப் புளி.

"என் விஷயத்துல அப்படி இல்லையே, நான் நம்பரை மட்டும்தான் பாக்கறேன்?"

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சில வருடங்களுக்கு முன்பு, ஐந்து கிளைகள் உள்ள ஒரு டிபன் கடைக்காரருக்கு விற்பனைக் கணக்குப் பார்த்துக் கொடுத்தேன். முதல் நாளே முதலாளி, "வேளச்சேரி கிளைல புது மாஸ்டர் வந்ததுலேர்ந்து தோசை சரியில்லைன்னு பேச்சு" என்றார். மாஸ்டர் சேர்ந்தது அக்டோபர் கடைசி வாரம். நவம்பரில் பில் எண்ணிக்கை சரிந்திருந்தது. அவர் சேர்ந்த தேதியில் ஒரு சிவப்புக் கோடு போட்டு சார்ட்டாக்கிக் கொடுத்தேன். கோட்டுக்கு இடப்பக்கம் மேடு, வலப்பக்கம் பள்ளம். எனக்கே அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அடுத்த வாரமே மாஸ்டரை அண்ணா நகருக்கு மாற்றிவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, வேறு வேலையாக அதே பில்களை மணிவாரியாகப் பிரித்தேன். சரிவு மொத்தமும் ஐந்து நாட்களுக்குள் அடங்கியிருந்தது. அந்த ஐந்து நாளும் காலை ஏழிலிருந்து பத்து வரை பில்லே கிட்டத்தட்ட இல்லை. கடை வாசலில் முழங்கால் அளவு மழைத்தண்ணீர் நின்ற நாட்கள் அவை. மீதி நாட்களில் தோசை முன்பைவிடக் கொஞ்சம் அதிகமாகவே போயிருந்தது. எண் எதுவும் பொய் சொல்லவில்லை. எதைத் தேடுவது, எங்கே கோடு போடுவது, எப்போது போதும் என்று எழுந்துகொள்வது என்பதையெல்லாம் தீர்மானித்தது நான். முதலாளி சொன்ன ஒரு வாக்கியம் என் காதில் விழுந்த பிறகு தீர்மானித்தேன் என்பதுதான் கோளாறு. கீழே "மாஸ்டர் விஷயம்" என்று எங்கே வந்தாலும் இதுதான்.

"இப்படி சாய்வு உண்டுனு தெரிஞ்சுக்கிட்டு ஜாக்கிரதையா இருந்துட்டா போதாதா?"

போதாது. ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள், ஒன்றின் முனைகளில் அம்புக்குறி உள்நோக்கி, இன்னொன்றில் வெளிநோக்கி இருக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். முல்லர்-லையர் என்ற ஜெர்மானியர் 1889இல் வெளியிட்டது. ஸ்கேல் வைத்து அளந்து, இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்த பிறகும் கண்ணுக்கு ஒன்று நீளமாகத்தான் தெரியும். தெரிந்துகொண்டதால் கண் திருந்துவதில்லை. ஸ்கேலைக் கையில் எடுத்தால்தான் பிழைப்போம்.

என் ஸ்கேல் ஒரு நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு. ஃபைலைத் திறக்கும் முன் தேதி போட்டு மூன்று விஷயம் எழுதுவேன். எனக்கு என்ன வரும் என்று தோன்றுகிறது, எந்த எண் வந்தால் நான் நினைத்தது தப்பு என்று ஒப்புக்கொள்வேன், எதையெல்லாம் பார்த்துவிட்டு நிறுத்துவேன். பேனாவில் எழுதுவேன், அழிக்க முடியாதே. டேட்டாவைப் பார்த்த பிறகு எழுதினால் பிரயோஜனமில்லை. விடை தெரிந்ததும் "எனக்கு அப்பவே தெரியும்" என்று மனசு கதையை மாற்றிக்கொள்ளும், அது மாற்றியது நமக்கே தெரியாது.

"நான் நெனச்சதுக்கு டேட்டாவும் ஒத்துப்போகுது. அப்புறம் எதுக்கு இன்னும் தோண்டணும்?"

ஒத்துப்போகிற இடமாகப் பார்த்துத் தோண்டியிருப்பீர்கள் என்பதால். பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960இல் ஒரு சோதனையை வெளியிட்டார். 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, "இதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது, நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லிப் பாருங்கள், விதிக்குப் பொருந்துகிறதா என்று சொல்கிறேன்" என்றார். ஆட்கள் 8, 10, 12 என்றார்கள், பொருந்துகிறது என்றார். 20, 22, 24 என்றார்கள், அதுவும் பொருந்தியது. "இரண்டிரண்டாகக் கூடுகிற எண்கள்" என்று அடித்துச் சொன்னார்கள். தப்பு. ஏறுவரிசையில் எந்த மூன்று எண்ணாக இருந்தாலும் சரி என்பதுதான் விதி. 1, 2, 50 என்று ஒரு முறை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

நம் வேலையில் இதற்கு ஒரு நேரடி மருந்து உண்டு. "நான் சொல்வது சரியென்றால் எது நடக்கவே கூடாது?" என்று கேட்டு, அதைத் தேடிப் போங்கள். மாஸ்டர் விஷயத்தில், தோசை மோசம் என்றால் மழை இல்லாத நாளிலும் தோசை குறைந்திருக்க வேண்டும். அவர் கை படாத காபியும் பொங்கலும் குறையக் கூடாது. இரண்டையும் பார்க்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

"மேனேஜர் ஃபோன்லயே 'ஒரு பதினஞ்சு பர்சென்ட் விழுந்திருக்கும், பாரு'ன்னுட்டார். அது என்னை என்ன பண்ணும்?"

ரங்கநாதன் தெருவில் கடைக்காரர் 800 என்று ஆரம்பிக்கிறார், நாம் பேசிப் பேசி 500க்கு வாங்கி ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறோம். அந்த 800 இல்லாவிட்டால் 250இல் ஆரம்பித்திருப்போம். முதலில் காதில் விழுந்த எண் நங்கூரம் மாதிரி. அதைச் சுற்றித்தான் நகர்வோம், அறுத்துக்கொண்டு போவதில்லை. டிவர்ஸ்கி, கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1974இல் எழுதிய கட்டுரையில் இதன் உச்சம் இருக்கிறது. ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10இல் நின்றதைப் பார்த்தவர்களின் விடை நடுவாக 25, 65இல் நின்றதைப் பார்த்தவர்களின் விடை 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அதனால் முடிந்தால் கணக்கு முடியும் வரை அவருடைய யூகத்தைக் கேட்காதீர்கள். காதில் விழுந்துவிட்டால் நோட்டில் எழுதுங்கள். பிறகு 14.6 வந்து திருப்தியாக மூடப் போகும்போது அந்த வரி கண்ணில் படும். 3 வந்திருந்தால் ஃபார்முலாவை எத்தனை தடவை சரிபார்த்திருப்பீர்களோ, அத்தனை தடவை 14.6க்கும் பாருங்கள்.

"கையில இருக்கற டேட்டாவைத்தானே பாக்க முடியும்? இல்லாததை எங்க போய்த் தேடறது?"

இல்லாததற்கும் ஒரு காரணம் இருக்கும், அதைத் தேடலாம். இரண்டாம் உலகப் போரில் ஆப்ரகாம் வால்ட் என்ற கணித அறிஞர் கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்த புள்ளியியல் குழுவில் வேலை பார்த்தார். சண்டைக்குப் போய்த் திரும்பிய விமானங்களில் எங்கெங்கே குண்டு பட்டிருக்கிறது என்ற கணக்கை வைத்து, எங்கே கவசம் போடலாம் என்பது பிரச்சினை. துளை அதிகமுள்ள இடத்தில் போடத்தான் கை போகும். வால்டின் கணக்கு வேறு வழியில் போனது. இவை திரும்பி வந்த விமானங்கள், அங்கே அடிபட்டும் பிழைத்தவை. இன்ஜினில் அடிபட்டவை பெரும்பாலும் திரும்பவே இல்லை, அதனால்தான் இன்ஜினில் துளை குறைவு. அந்த வால்ட் 1950 டிசம்பரில் இந்தியாவுக்கு உரையாற்ற வந்தபோது, அவர் போன விமானம் நம் நீலகிரி மலையில் மோதி மனைவியோடு இறந்துபோனார். ஊட்டிக்குப் போகும் போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

ஓஎம்ஆரில் பத்து வருடமாக ஓடுகிற ஹோட்டல்களை மட்டும் பார்த்து "ஜெயிக்கிற ஹோட்டலின் ஐந்து குணங்கள்" என்று பிரசன்டேஷன் போடுகிறார்கள். மூடிப்போன கடைகளிலும் அந்த ஐந்தும் இருந்ததா என்று யார் பார்த்தார்கள்? ஷட்டர் இறக்கிய கடைக்கு டேட்டாபேஸில் வரி கிடையாது. டேபிள் கைக்கு வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "இதில் வர முடியாமல் போனவர் யார்?"

"டேட்டா நிறைய இருந்தா பயஸ் தானா சரியாயிடும்ல?"

முதல் பதிலில் சொன்ன புளியை நினைத்துக்கொள்ளுங்கள். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார். முகவரிகள் பெரும்பாலும் டெலிஃபோன் பட்டியலிலும் கார் பதிவிலும் எடுத்தவை. பொருளாதார மந்தக் காலத்தில் அவை யார் வீட்டில் இருந்திருக்கும்? சிரத்தையாகப் பதில் போட்டவர்களும் ஒரு பக்கத்து ஆட்களாகவே இருந்தார்கள். நம் ஊரில் ஆப் ரேட்டிங்கை வைத்து "வாடிக்கையாளர் கருத்து" என்று எழுதுவதும் இதே கதை. கோபம் வந்தவனும் கூப்பன் வேண்டியவனும்தான் ரேட்டிங் போடுவான்.

"ஒரே ஒரு நம்பர் கன்னாபின்னானு இருக்கு. தூக்கிடலாமா?"

சென்னையின் வருட மழை சராசரியாக 140 சென்டிமீட்டர் அளவில்தான். ஒரு மழை ஃபைலில் ஒரே நாளுக்கு 49 செ.மீ. என்று இருந்தால் 4.9ஐ யாரோ புள்ளி விட்டுத் தட்டிவிட்டார் என்று அழித்திருப்பீர்கள். 2015 டிசம்பர் முதல் தேதி மழையில் தாம்பரத்தில் பதிவானது அதுதான். அழித்திருந்தால் அந்த ஃபைலில் வெள்ளமே வந்திருக்காது.

கருவி கெட்டது, இரண்டு முறை பதிவானது, அலகு மாறியது போன்ற காரணம் வெளியில் இருந்தால் தூக்கலாம். "என் கோட்டுக்கு வெளியே நிற்கிறது" என்பது காரணம் ஆகாது. தூக்கினாலும் தூக்காமலும் விடை என்ன என்று இரண்டையும் சொல்லுங்கள். நமக்குச் சாதகமான பிசிறை விட்டுவிட்டு, பாதகமான பிசிறுக்கு மட்டும் காரணம் தேடுகிறோமா என்பதையும் ஒரு கண் பாருங்கள். நான் தேடியிருக்கிறேன்.

"போன வருஷம் இதே மாசத்தோட ஒப்பிட்டா சரியா இருக்கும்ல?"

இந்த ஊரில் மாதம் என்பதே வழுக்குகிற விஷயம். தீபாவளி 2023இல் நவம்பர் 12, 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. துணிக்கடையின் அக்டோபரை முந்தின அக்டோபரோடு ஒப்பிட்டால், தீபாவளிதான் நகர்ந்திருக்கும், நாம் விளம்பரத்துக்கு மாலை போடுவோம். வகுப்புக்கு வந்த ஒருவர், பிரியாணிக்கு விலை ஏற்றியதும் விற்பனை விழுந்துவிட்டது என்று கவலைப்பட்டார். எப்போது ஏற்றினீர்கள் என்றேன். செப்டம்பர் 18. புரட்டாசி பிறந்து ஒன்றிரண்டு நாள்! ஐப்பசி வரை பொறுங்கள் என்று அனுப்பினேன்.

எங்கே ஆரம்பித்து எங்கே முடிக்கிறோம் என்பதும் அப்படித்தான். ஏரிகளின் நீர் அளவை 2015 டிசம்பரில் ஆரம்பித்து 2019 ஜூனில் முடித்தால் சென்னை பாலைவனம் ஆகிக்கொண்டிருக்கிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டு வெடித்துக் கிடந்த மாதம் அது. 2019 ஜூனில் ஆரம்பித்து 2021 நவம்பரில் முடித்தால் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தே போய்விட்டது. கிடைக்கிற அத்தனை வருடத்தையும் போட்டுவிட்டு, பிறகு பேசுங்கள்.

"சென்னை மாநகராட்சி டேட்டாவுக்கு இருவது வருஷ ட்ரெண்ட் போட்டேன், 2011ல ஒரே தாவு. என்ன நடந்துச்சு அப்ப?"

பெரும்பாலும் ஒன்றும் நடக்கவில்லை. அந்த வருடம் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது, வார்டுகள் 155இலிருந்து 200. அம்பத்தூர், ஆலந்தூர் எல்லாம் உள்ளே வந்தன. எங்கள் மடிப்பாக்கமும் அப்போதுதான் மாநகராட்சிக்குள் வந்தது. சென்னை மாவட்டத்தின் எல்லை 2018இல்தான் விரிந்தது என்பதால், மாவட்டக் கணக்கில் தாவு வேறு வருடத்தில் வரும். தாவு தெரிந்ததும் கதை தேடும் முன், அளவுகோல் மாறியதா என்று பாருங்கள்.

"திட்டினா அடுத்த வாரம் நல்லா பண்றாங்க, பாராட்டினா சொதப்பறாங்க. டேட்டாவே அப்படித்தான் சொல்லுது சார்."

டேட்டா சொல்வது சரி, காரணம்தான் தப்பு. எவருடைய வேலையிலும் திறமை கொஞ்சம், அன்றைய அதிர்ஷ்டம் கொஞ்சம். மிக மோசமான வாரத்தில் அதிர்ஷ்டமும் மோசமாக இருந்திருக்கும். அடுத்த வாரம் அது வழக்கத்துக்குத் திரும்பும். திட்டினாலும் திரும்பும், டீ வாங்கிக் கொடுத்தாலும் திரும்பும். மிக நல்ல வாரத்துக்குப் பிறகு இறங்குவதும் அப்படியே. இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர் ஒருவர் இதே வாதத்தைச் சொல்லக் கேட்டுத்தான் டேனியல் கானமனுக்கு இது உறைத்தது. மோசமான ஐந்து கிளைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து "முன்னேற்றம்" காட்டுகிற அறிக்கைகளில் பாதி இந்த வகை. அதே அளவு மோசமான சில கிளைகளைப் பயிற்சி கொடுக்காமல் விட்டு, அவை எவ்வளவு ஏறின என்று பாருங்கள்.

"மொத்தமா பாத்தா ஒண்ணு சொல்லுது, பிரிச்சா தலைகீழா சொல்லுது. எக்செல்ல தப்பா?"

எக்செல் சரி. ஒரு கற்பனைக் கணக்கு. டெலிவரி பையன்கள் இரண்டு பேர், குமார், செல்வம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 400 ஆர்டர். குமார் பக்கத்து ஆர்டர் 100இல் 90ஐயும் தூரத்து ஆர்டர் 300இல் 180ஐயும் நேரத்தில் கொடுத்தார். செல்வம் பக்கத்து ஆர்டர் 300இல் 255, தூரத்து ஆர்டர் 100இல் 50. பக்கத்தில் குமார் 90 சதவீதம், செல்வம் 85. தூரத்தில் குமார் 60, செல்வம் 50. இரண்டிலும் குமார்தான் மேல். கூட்டினால் குமார் 67.5 சதவீதம், செல்வம் 76க்கும் மேல். குமாருக்குத் தூரத்து ஆர்டராகத் தள்ளிவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். போனஸ் செல்வத்துக்குப் போகும்.

சிம்சன் முரண் என்று இதற்குப் பெயர். கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 1973 மேற்படிப்புச் சேர்க்கையில் ஆண்களில் சுமார் 44 சதவீதமும் பெண்களில் 35 சதவீதமும் இடம் பெற்றார்கள். துறைவாரியாகப் பிரித்தபோது அந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்துபோனது. பெண்கள் போட்டி அதிகமுள்ள துறைகளுக்கு அதிகம் விண்ணப்பித்திருந்தார்கள். 'எப்போதும் பிரித்துப் பார்' என்று இதிலிருந்து விதி செய்துவிடாதீர்கள். அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

"வயசு, ஏரியா, கிழமைன்னு இருவது விதமா பிரிச்சேன். ஒண்ணுல சூப்பர் ரிசல்ட். அதை மட்டும் போடலாமா?"

உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத டேட்டாவை, ஐந்து சதவீதத் தவறு வாய்ப்பு வைத்து (அதாவது வித்தியாசம் இல்லாதபோதும் நூற்றுக்கு ஐந்து தடவை தற்செயலாக இருப்பதாகக் காட்டும்), ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது சோதனை செய்தால், ஏதாவது ஒன்றிலாவது "கிடைச்சுது" என்று வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. அண்ணா நகரில் செவ்வாய்க்கிழமை மட்டும் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் ரவா தோசை அதிகம் சாப்பிடுகிறார்கள் என்று எனக்கே ஒரு முறை வந்தது. வந்ததும் மனசு சும்மா இருக்காது. செவ்வாய் விரதம், கோயில் என்று கதையும் ஜோடித்துவிடும்.

போடலாம், ஆனால் இருபது பார்த்தேன், ஒன்றில் வந்தது என்று சேர்த்துப் போடுங்கள். அந்த ஒன்றைப் புது நோட்டுப் பக்கத்தில் எழுதி, அடுத்த மாத டேட்டாவில் அதை மட்டும் சோதியுங்கள். என் ரவா தோசை அடுத்த மாதம் காணாமல் போனது.

"ரெண்டு கோடும் சேர்ந்தே ஏறுது. ஒண்ணாலதானே இன்னொண்ணு?"

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை எல்லாருக்கும் தெரியும், சார்ட்டில் பார்த்தால் மறந்துவிடுகிறது. மே மாதம் இளநீர் விற்பனையும் ஏறும், வீட்டு மின்சார பில்லும் ஏறும். இரண்டையும் ஏற்றுவது வெயில்.

"பாஸ் எதிர்பாக்கறது வேற விடை. எப்படிச் சொல்றது?"

விடை வந்த பிறகு சொல்வது கஷ்டம். வரும் முன் பேசிவிட வேண்டும். இப்போதெல்லாம் வேலையை ஒப்புக்கொள்ளும்போதே, "சார், எத்தனை சதவீதம் விழுந்திருந்தா நீங்க ஆளை மாத்துவீங்க? அதுக்குக் குறைஞ்சா மாத்த மாட்டீங்கல்ல?" என்று கேட்டு மெயிலில் வாங்கிக்கொள்கிறேன். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அந்த நேரத்தில் யாருக்கும் எந்த விடை மேலும் காதல் இருக்காது. விடை வந்த பிறகு அந்த மெயிலுக்கே ரிப்ளை போடுகிறேன்.

அப்படியும் சிலர் "வேற மாதிரி பிரிச்சுப் பாரேன்" என்பார்கள். பிரியுங்கள், எத்தனையாவது பிரிப்பு என்று தலைப்பிலேயே எழுதுங்கள். ஆறாவது ஸ்லைடில் அவருக்கே சிரிப்பு வரும்.

"என் கணக்கை யாரை வச்சு செக் பண்றது? டீம்ல எல்லாரும் ஒரே மாதிரிதான் யோசிக்கறாங்க."

உங்கள் விடையைக் காட்டி "சரியா பாரு" என்றால் உங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பார்ப்பார். நங்கூரம் அவருக்கும் விழுந்துவிடும். கச்சா ஃபைலையும் கேள்வியையும் மட்டும் கொடுத்து, தனியாகச் செய்யச் சொல்லுங்கள். இந்தியப் புள்ளியியல் அறிஞர் மகாலனோபிஸ் இதைப் பெரிய அளவில் செய்தார். வங்காளப் பயிர்க் கணக்கெடுப்புகளில் ஒரே பகுதிக்குத் தனித்தனி மாதிரிகளாக இரண்டு குழுக்களை அனுப்பி, இரண்டு விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பெரிய வித்தியாசம் வந்தால் அது பெரும்பாலும் வயலில் இல்லை, அளந்தவரிடம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆள் கிடைக்காவிட்டால், கிளைப் பெயர்களை க, ங, ச என்று மாற்றித் தரச் சொல்லி, எது வேளச்சேரி என்று தெரியாமலே கணக்கை முடியுங்கள். முதல் தடவை செய்யும்போது கை அரிக்கும், திறந்து பார்க்கச் சொல்லும். அந்த அரிப்புதான் சாய்வு.

"ஏஐ கிட்ட ஃபைலைக் கொடுத்துட்டா? அதுக்கு மனசே இல்லையே."

"மாஸ்டர் வந்த பிறகு விற்பனை ஏன் விழுந்தது?" என்று கேட்டால் பெரும்பாலும் மாஸ்டரைச் சுற்றியே பத்துக் காரணம் அழகாக எழுதிக் கொடுக்கும். மழையை நீங்கள் கேட்கவில்லையே. கேள்வியில் சாய்வு இருந்தால் பதிலுக்கும் ஒட்டிக்கொள்ளும். "நவம்பரில் எந்தெந்த நாள் வழக்கத்திலிருந்து விலகியது?" என்று கேளுங்கள். உங்கள் முடிவைச் சொல்லி, அதற்கு எதிராக வாதாடவும் சொல்லுங்கள். அதற்கு நன்றாகப் பயன்படுகிறது.

"இவ்ளோ சந்தேகப்பட்டா முடிவே எடுக்க முடியாதே சார்?"

எல்லா முடிவுக்கும் இவ்வளவு தேவையில்லை. சட்னியில் காரம் குறைப்பதா என்பதை நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம், சும்மா செய்து பாருங்கள். ஆளின் வேலை, உயிர், பெரிய பணம் என்றால் நிதானம்.

முறையாகச் சந்தேகப்பட்டதால் பெரிய முடிவு எடுக்க முடிந்ததற்கு உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. காசநோய் என்றால் சானடோரியத்தில் சேர்த்து, நல்ல காற்றும் சத்தான சாப்பாடும் ஓய்வும் கொடுத்தால்தான் குணமாகும் என்று உலகமே நம்பிய காலம். தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர். 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கியது. இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது. அங்கே நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கும் ஒரு பாதியை நெரிசலான வீடுகளுக்கும் அனுப்பினார்கள். இரு பக்கமும் ஒரே மாத்திரைகள். டாக்டர்கள் கண்ணால் பார்த்துப் பிரித்திருந்தால் நலிந்தவரை ஆஸ்பத்திரிக்கும் தேறியவரை வீட்டுக்கும் அனுப்பியிருப்பார்கள். பிறகு எந்த விடை வந்தாலும் நம்ப முடியாது. 1959இல் முடிவு வெளியானது. சாப்பாடும் ஓய்வும் குறைவாக இருந்தும் வீட்டிலிருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், வீட்டாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. காசநோய்க்கு வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிடுவது உலகமெங்கும் பரவ அது ஒரு முக்கியக் காரணம்.

"அந்த மாஸ்டர் என்ன ஆனார்?"

இதைக் கேட்காத பேட்ச் கிடையாது. மழைக் கணக்கை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். அவர் அண்ணா நகர் கிளையின் ஜனவரி பில்களைக் காட்டி, "பாத்தீங்களா, இடம் மாத்தினதும் மாஸ்டர் திருந்திட்டார், அங்க வியாபாரம் ஏறிடுச்சு" என்றார். அது திட்டினால் நன்றாகச் செய்கிறார்கள் என்ற கேள்வியின் இன்னொரு உருவம். அந்தக் கிளையும் டிசம்பரில் வழக்கத்தைவிட இறங்கி, ஜனவரியில் வழக்கத்துக்கு வந்திருந்தது. அரை மணி நேரம் விளக்கினேன். பாதி ஒப்புக்கொண்டார்.

மாஸ்டரிடமும் சொன்னேன். கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டார். "அந்த அஞ்சு நாளும் முட்டிவரைக்கும் தண்ணில நின்னுதான் சார் மாவு கரைச்சேன். யாராவது என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார். ஒரு நெய் ரோஸ்ட் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கிக்கொண்டார். இப்போது நோட்டில் நாலாவதாக ஒரு வரி எழுதுகிறேன்: இந்த எண் யாரைப் பற்றியதோ, அவரிடம் பேசியாயிற்றா?